சங்கு ஊதும் குருவி

ரவ்தாவின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போய்விட்டது. குடித்தால் இறங்காது, வைத்தால் மரியாதை இல்லை. எதிரே பாயில் லஸ்ஹர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். போன வாரம் வரை பாஸ்பேட் கழுவும் ஆலையில் ஒப்பந்தக் கூலி. இப்போது பட்டப்பகலில் வீட்டில் இருக்கிறார். சும்மா இருந்து பழகாத கைகள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

ஆலையின் தூசி உறிஞ்சும் இயந்திரம் அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்தான் ஓடுகிறது என்று ஊர் வானொலியில் சொன்னவர் அவர். பெயர் சொல்லவில்லை. குரலையும் மாற்றித்தான் போட்டார்கள். பேட்டி எடுத்தவள் வீதாத், ரவ்தா நடத்தும் வானொலிச் செய்திப் பயிற்சி வகுப்பின் மாணவி. உண்மையைச் சொன்னவனுக்கு நம்மால் கேடு வரக்கூடாது என்பதுதான் ரவ்தா அந்த வகுப்பில் நடத்திய முதல் பாடம்.

ஒலிபரப்புக்கு முன் வகுப்பில் போட்டுக் கேட்டபோது, ஒலிப்பதிவின் பின்னணியில் லஸ்ஹரின் கூண்டுக் குருவி பாடியது. பாட்டை முடிக்கும்போது ஆலைச் சங்கு மாதிரியே நீளமாக ஒரு இழுப்பு. ரவ்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் அப்பா அந்தச் சங்குக்கு ஓடி ஓடியே நெஞ்சு அடைத்துப் போனவர். "குருவிச் சத்தத்த வெட்டிரட்டுமா மேடம்?" என்று வீதாத் கேட்டாள். "இருக்கட்டும், குருவிக்கென்ன அடையாள அட்டையா இருக்கு?" என்றாள் ரவ்தா. வகுப்பே சிரித்தது.

லஸ்ஹர் தினமும் கூண்டைக் காபிக் கடைக்குத் தூக்கிப்போய் ஆணியில் மாட்டுவார் என்பதும், சங்கு ஊதும் குருவி ஊரிலேயே அது ஒன்றுதான் என்பதும், இருபது வருஷம் தலைநகரில் இருந்துவிட்டு வந்தவளுக்குத் தெரியவில்லை. விசாரித்திருக்கலாம். ஒப்பந்தக்காரன் அதே கடையில் உட்கார்ந்துதான் வானொலி கேட்டானாம். கேட்டு, சிரித்தானாம். மறுநாள் காலையில் ஆலை வாசலில் லஸ்ஹரை உள்ளே விடவில்லை.

"தப்பு என்னோடதுதான் மாமா. நான் கவனிச்சிருக்கணும்" என்றாள் ரவ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீதாத்.

ரவ்தா வாயைத் திறந்தாள். நாளைக்கும் வகுப்பு இருக்கிறது. இந்தப் பெண்ணின் முன்னால் நின்றுதான் பாடம் நடத்த வேண்டும். குவளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விடு மகளே" என்றார் லஸ்ஹர். "குருவி அன்னைக்கு நல்லாத்தான் பாடிச்சு."

"ஆமா, இனிமே ரெண்டு பேரும் சேந்து பாடுங்க. ஊர் காசு போடும்" என்றாள் அவர் மனைவி ம்பார்க்கா, அடுப்படியிலிருந்து. வெளியே வந்தவள் ரவ்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுவும் பாடத்துல வருதா வாத்தியாரம்மா? எங்க வீட்டுக்காரர வச்சு நல்லாப் படிச்சுக்கிட்டீங்க."

அவள் மூலையிலிருந்த கூண்டை, மூடியிருந்த துணியோடு எடுத்து வீதாத் கையில் திணித்தாள். "கொண்டு போ. ஒவ்வொரு ஷிப்டுக்கும் அது சங்கு ஊதுது. இவரு எந்திரிச்சுச் செருப்பைத் தேடுறாரு. என்னால பாக்க முடியல."

லஸ்ஹர் தடுக்கவில்லை. கூண்டின் கம்பியை விரலால் ஒருமுறை தொட்டார், அவ்வளவுதான்.

தெருவில் வீதாத் அழுதுகொண்டே நடந்தாள். "எனக்கு இந்த வேலை வேணாம் மேடம். ஒருத்தர் சோத்துல மண்ணப் போட்டுட்டேன்."

ரவ்தா நின்றாள். "கூண்ட இங்க குடு."

"பரவால்ல, நான் தூக்கிட்டு வரேன்."

"குடு. வெட்டவான்னு நீ கேட்ட. வேணாம்னது நான். அங்க சொல்ல வேண்டியத முழுங்கிட்டு உக்காந்திருந்தேன்."

வீதாத் அவள் முகத்தையே பார்த்தாள். கூண்டைக் கொடுத்தாள். நினைத்ததைவிட அது லேசாக இருந்தது.

ஊருக்குள் போக ஒரே தெரு. காபிக் கடை அதில்தான் இருந்தது. வாசல் நாற்காலிகளில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது. ரவ்தா அங்கே வந்தபோது ஆலையில் மதியச் சங்கு ஊதியது. அது ஓய்ந்ததும், துணிக்குள்ளிருந்து குருவி அதே சங்கை மறுபடி ஊதியது.

சீட்டாட்டம் நின்றது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரவ்தா கூண்டின் மேலிருந்த துணியை உருவினாள்.