நாய்க்கு ஒரு கிலோ

பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவளுக்கு எளிதில் குமட்டாது. பிடுங்கிய பல்லின் வேரில் ஒட்டியிருக்கும் சதை, ஈறுக்குள் கட்டிய சீழ், வாயைத் திறந்ததும் அறை முழுக்கப் பரவும் வாடை எல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. எச்சில் உறிஞ்சும் குழாயை ஒருவர் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டே, ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்கிற ஆள் அவள். அப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் கடைக்குள் நுழைந்தாலே வயிற்றைப் பிரட்டியது.

விலை ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏற்றிய விதம்தான் அசிங்கமாக இருந்தது. பிஸ்கட் பாக்கெட் பழைய அளவுதான், உள்ளே பாதி காற்று. எண்ணெய் பாட்டிலின் அடியை உள்பக்கமாகக் குழித்துவிட்டிருந்தார்கள். கோழியை வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினால் குடம் குடமாகத் தண்ணீர் விட்டது. கடைசியில் கைக்குட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. ஒருநாள் வெண்ணெய் டப்பாவின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினாள். அடியில் இன்னொரு சீட்டு. அதற்கும் அடியில் வேறொன்று.

"அதையெல்லாம் கிழிக்காதீங்கக்கா" என்றாள் கடைப்பெண். "எங்களத்தான் திட்டுவாங்க."

வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியில் ஒரு சீமாட்டி பளிங்குச் சமையலறையில் நின்றுகொண்டு, கறிக்குப் பதிலாகப் பயறு சேர்த்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது என்று கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சீமாட்டியின் அடுப்பில் ஒரு தொடைக்கறி முழுசாக வெந்துகொண்டிருந்தது.

"அணைங்க அதை" என்றாள் இவள். புருஷன் அணைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸும் கம்பிவடமுமாகக் கிடந்துவிட்டு வருகிறவன் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் பார்ப்பான். பெரியவள் புத்தகத்தைப் பார்த்தபடியே போட்டதைச் சாப்பிட்டுவிடுவாள். சின்னவன்தான், "இன்னிக்கும் கறி இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகும் கரண்டியால் துழாவிப் பார்ப்பான். அந்தத் துழாவல் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

கிளினிக்கிலிருந்து வரும் வழியில் ஒரு கறிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் இறைச்சி நகைக்கடை மாதிரி அடுக்கியிருக்கும். ஒரு சனிக்கிழமை உள்ளே போய் விலைப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்ப இருந்தவள், மேடைக்கு அடியில் ஒரு நீலத் தொட்டியைப் பார்த்தாள். அதில் எலும்போடு ஒட்டிய துண்டுகள், சவ்வு, கொழுப்பு, கழுத்து, அங்கங்கே நல்ல சதையும் கிடந்தது.

"அது என்ன விலைங்க?"

கடைக்காரர் நரைத்த மீசையும் சிரித்த முகமுமாக இருப்பவர். "நாய்க்காம்மா?" என்று கேட்டார்.

அவள் தலை தானாக ஆடியது. யாரோ பிடித்து ஆட்டிவிட்ட மாதிரி.

"பேரு என்ன?"

"யாரு பேரு?"

"நாய் பேரும்மா."

"ராஜா" என்றாள். சின்னவனை அவள் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். வாயில் வேறெதுவும் வரவில்லை. வெளியே வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பை கனமாக இருந்தது. கொடுத்ததோ சில்லறைக் காசு.

அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மயிரை எடுத்தாள், சவ்வை உரித்தாள், உறைந்த ரத்தத்தை ஓடுகிற தண்ணீரில் அலசினாள். கிளினிக்கில் கற்றுக்கொண்ட பொறுமை எல்லாம் அந்தத் தொட்டிக்கறிக்குச் செலவானது. சுத்தம் செய்து எடுத்த பிறகு பாதிதான் தேறியது என்றாலும் அது அசல் கறி. வீடே மணந்தது. சின்னவன் மூன்றாம் முறை தட்டை நீட்டினான். புருஷன் எலும்பை உறிஞ்சிவிட்டு, "எங்க பிடிச்ச?" என்று கேட்டான்.

"தெரிஞ்ச கடை" என்றாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் அதே வேலை. போகப் போகத் தொட்டிக்கு முன்னால் வரிசை நீண்டது. நல்ல சட்டை போட்டவர்கள், கையில் அலுவலகப் பை வைத்திருப்பவர்கள். எல்லாருக்கும் வீட்டில் நாய். ஒருத்தர் வீட்டில் நாலு நாயாம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு வாரம் அவளுக்கு முன்னால் நின்ற பெண், "ரெண்டு கிலோ. பெரிய நாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாடிவீட்டு டீச்சர்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது. லிஃப்டுக்குள்ளேயே பலகை மாட்டியிருந்தார்கள். அதை மாட்டியவனே இவள் புருஷன்தான்.

இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து வந்தார்கள். படியேறும்போது டீச்சர் மெதுவாக, "உங்களோடது என்ன ஜாதி?" என்று கேட்டாள்.

"நாட்டு நாய். உங்களோடது?"

"எங்களோடது நாலு பேரு டீச்சர்னு கூப்பிடற ஜாதி" என்றாள் அவள். இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவருக்கும் வாய் கசந்தது போலிருந்தது. டீச்சர் பையை முந்தானையால் மறைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

கடைக்காரர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. வரிசை நீண்டதும் நீலத் தொட்டிக்கும் ஒரு பலகை வந்தது. வாராவாரம் அதில் சாக்கட்டியால் எழுதிய விலை அழிந்து புது விலை வந்தது. விலை ஏற ஏறத் தொட்டியில் சதை குறைந்தது, சவ்வு கூடியது. "நாய்க்குப் போய் இவ்வளவா!" என்று ஒருத்தர் முனகினார். "தீவனம் எல்லாம் ஏறிப்போச்சு சார்" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டே. முனகியவர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. கடைக்காரர் அவளுக்காக அள்ளிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது. தரையில் மரத்தூள் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க மிதிபட்டு ரத்தமும் சேறும் கலந்த மரத்தூள். விழுந்த துண்டை அவர் பூட்ஸ் காலால் தெரியாமல் மிதித்தார். மிதித்ததும் குனிந்து, இரண்டு விரலால் தூக்கி, ஒரு உதறு உதறி, அவள் பைக்குள் போட்டார்.

"ராஜாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

அது வேண்டாம், எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். பின்னால் வரிசை நின்றது. பணத்தைக் கொடுத்தாள், "வரேங்க" என்றாள், சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகு பல நாள் அவளுக்கு உடம்பு கூசியது.

வீட்டில் அந்தத் துண்டைத் தேடினாள். எல்லாத் துண்டும் ஒன்றுபோலவே இருந்தது, எதை எடுத்து எறிவது? வெந்நீரில் கழுவினாள், உப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். ஒரு சிலாம்பு மரத்தூள் விரலில் ஒட்டியது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். கொடுத்த காசு நினைவுக்கு வந்தது. சமைத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவள் பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"பல் டாக்டர் வீட்லயே பல் வலியா?" என்று புருஷன் கேலி செய்தான்.

பிள்ளைகள் எழுந்து போனதும் அவனிடம் சொன்னாள். தொட்டி, நாய், மரத்தூள், பூட்ஸ் எல்லாம். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"கழுவினியா?"

"கழுவினேன்."

"நல்லா வெந்துச்சா?"

"வெந்துச்சு."

"அப்புறம் என்ன?" என்றான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

அவன் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேர் வாயை மணிக்கணக்காகப் பார்த்தவள்தான். ஒரு வாயைப் பார்த்து இப்படி அருவருத்தது இதுதான் முதல் தடவை. அது அவள் புருஷன் வாய்.

அடுத்த சனிக்கிழமையும் வரிசையில் போய் நின்றாள். வாங்க வந்தாளா, கேட்க வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு ஆள் தள்ளிப் பின்னால் டீச்சர்.

"வாம்மா. ராஜா எப்படி இருக்கான்?"

"ராஜா என் பையன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "எட்டு வயசு. எங்க வீட்ல நாய் கிடையாது. இதை நாங்கதான் சாப்பிடறோம். போன வாரம் கீழ விழுந்ததை எடுத்துப் போட்டீங்களே, அதை என் பிள்ளைங்க சாப்பிட்டாங்க."

கடைக்காரர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கத்தியை இடுப்புத் துணியில் துடைத்தார்.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"பின்ன? நாய்க்கு வாங்கறவங்க சவ்வு கம்மியா போடுங்கன்னு கேப்பாங்களா? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா தரையிலேர்ந்து எடுத்துப் போட்டீங்க?"

"நாய்க்குன்னு கேட்டீங்க, நாய்க்குப் போட்டேன்." கோபமே இல்லாமல், கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் மாதிரி பேசினார். "மனுஷங்களுக்குன்னு சொல்லுங்க, கண்ணாடிக்குள்ளேர்ந்து எடுத்துத் தரேன். அந்த விலை அங்க எழுதியிருக்கு, பாருங்க."

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தராவது வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருத்தர் கூரையைப் பார்த்தார். டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். இவளுக்கு அடுத்து நின்ற மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களாம்மா? எங்க வீட்ல நாய் காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

வெறுங்கையோடு வெளியே வந்தாள். கடை மூலையைத் தாண்டியதும் சுவரோரம் நின்று வாந்தி எடுத்தாள். வெறும் புளித்த தண்ணீர்தான் வந்தது.

சாயங்காலம் டீச்சர் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பொட்டலம். "பாதி எடுத்துக்குங்க. இன்னிக்குக் கொஞ்சம் நல்லாவே போட்டாரு."

"வேண்டாம் டீச்சர்."

"கோவமா?"

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

டீச்சரின் முகம் சிவந்தது. "என்னன்னு பேசறது? என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி அந்த வரிசையில நின்னா. அவ முன்னாடி நாங்களும் நாய்க்குப் போடற கறியைத்தான் திங்கறோம்னு சொல்லணுமா? உங்களுக்கு ரோஷம் இருக்கு. எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு."

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு டீச்சர்."

"அப்ப ரோஷத்தை வேகவச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் விறுவிறுவென்று படியேறினாள். பிறகு இரண்டு பேரும் படிக்கட்டில் சந்தித்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இனிமே அந்தத் தொட்டிக்கறியை நான் தொடமாட்டேன். முட்டை வாங்கறேன், பயறு வாங்கறேன். மாசம் ஒரு தடவை ஒரு கால் கிலோ நல்லதா வாங்க முடிஞ்சா வாங்கறேன். முடியலேன்னா இல்லை."

"சும்மா ஒண்ணுமில்லாததைப் பெருசு பண்ற" என்றான் புருஷன்.

அடுத்த சனிக்கிழமை அவனே பையோடு வந்தான். கடைக்காரரிடம் என்ன சொல்லி வாங்கினான் என்று அவள் கேட்கவில்லை. பையை மேடைமேல் வைத்தான். அவள் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"செய்யேன்."

"நீங்களே செய்ங்க."

"எனக்கென்ன தெரியும்?"

"கழுவணும். வேகவைக்கணும். அப்புறம் என்ன?" என்றாள்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினான். பையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். முதலில் சீட்டி அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் சீட்டி நின்றது. அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம், மறுபடி ஓடுகிற சத்தம். ஒரு கற்றை மயிரைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். ஒரு துண்டில் விலைச்சீட்டின் கிழிசல் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கழுத்துத் துண்டு ஒன்றைப் பிளந்தபோது உள்ளேயிருந்து பச்சையாக எதுவோ வழிந்தது. கிரீஸில் முழங்கை வரை முக்கி எடுக்கிறவன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"ஏய், இங்க வந்து பாரேன்" என்றான்.

"நான் பார்த்திருக்கேன்."

"எப்பவும் இப்படியா இருக்கும்?"

"இதைவிட மோசமாவும் இருந்திருக்கு."

"இதையா நீ வாராவாரம்..." என்று ஆரம்பித்தான். போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். சின்னவன் வாசல்படியில் வந்து நின்று, "அப்பா, கறி ஆச்சா?" என்று கேட்டான்.

"இல்லடா. போ, போய்ப் படி."

எல்லாவற்றையும் பழைய பைக்குள்ளேயே வாரிப் போட்டு, மேலே இன்னொரு பையைப் போட்டு இறுக்கக் கட்டிக் கீழே குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தான்.

அவள் ஆளுக்கு ஒரு முட்டை வைத்தாள். புருஷன் தன்னுடையதைப் பாதியாக அறுத்துச் சின்னவன் தட்டில் ஒரு பாதியைத் தள்ளினான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியவள் மட்டும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, "என்ன நாத்தம் இது?" என்று கேட்டாள்.

"ஜன்னல் திறந்துதான் இருக்கு. போயிடும்" என்றாள் அவள்.

போகவில்லை. மறுநாள் காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும்போதும் சமையலறையில் லேசாக அடித்துக்கொண்டுதான் இருந்தது.