பலகைக்குக் கீழே கேட்கிறவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பூட்டுச் சத்தம்தான் கொண்டுவந்து கொடுத்தது.

தண்டையார்பேட்டையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் தங்கபுஷ்பத்தின் குடோனுக்கு மேல், பலகைத் தளம் போட்ட ஒற்றை அறையில் நான் குடியிருக்கிறேன். தும்மலும் வாடகையில் சேர்த்தி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் தன் அண்ணன் ஜெபசிங்கைக் குடோனுக்குள் விட்டு வெளியே பூட்டுவாள். அடைத்துவைக்கிறாளே என்று அவளைத் திட்டிவிடாதீர்கள். பூட்டச் சொன்னது அவரேதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிறையிலிருந்து வந்தவனுக்குச் சுதந்திரம் என்பது ஒரு—"

(இதை மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். வெட்டிவிட்டேன்.)

2

ஜெபசிங் செய்தது இரண்டு கொலை. முதலாவது, கூட வேலை பார்த்த லாரி டிரைவர். தண்டனை முடிந்து வந்தபோது இவரைப் போல் திருந்தியவர் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி, திருவொற்றியூரில் ஒரு பெரியவர் வேலை கொடுத்து, தன் வீட்டிலேயே சோறும் போட்டார். இரண்டாவதாகச் செத்தது அந்தப் பெரியவர். சண்டை, திருட்டு, குடி எதுவும் இல்லை. எழுதுகிறவளுக்கு ஒரு காரணம் கிடைத்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுபடியும் நெடுங்காலம் உள்ளே இருந்து வெளியே வந்த அன்று, அவர் தங்கச்சியிடம் சொன்னது இது:

"அந்த ரெண்டு நாளும் காலைல இருந்தே மனசு சந்தோசமா இருந்துச்சு புஷ்பம். காரணமே கெடையாது. சிரிப்பு வந்துச்சு, பாட்டு வந்துச்சு. அது எப்பம் வரும்னு எனக்கே தெரியாது. தெனமும் பூட்டிரு."

திருந்தவே முடியாத மனிதன் என்று ஒருவன் கிடையாது என வியாசர்பாடிக் கூட்டமொன்றில் நான் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால் என் படிக்கட்டு அவர் கதவுக்கு எதிரேதான் போய் இறங்குகிறது.

3

எழுதியதை வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு வாக்கியம் பிடிபடும். பலகைக்குக் கீழே ஆள் இருப்பது உறைக்கவில்லை. புத்திசாலி, நான்!

ஒரு சாயங்காலம், "பெரியவர் கத்தினார்" என்று படித்தேன். கீழேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அவரு கத்தல யக்கா. ஏம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

காகிதத்தைக் கவிழ்த்துவைத்தேன். ஆனாலும் அந்த வரியைத் திருத்தினேன். அவர் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

* அதுவரை என் காகிதத்தில் அவர் 'அவன்'. அன்று முதல் 'அவர்' ஆக்கிவிட்டேன். மரியாதையால் இல்லை, பயத்தால்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் படிப்பேன், அவர் கேட்பார். திருந்தி வாழ்ந்தார் என்று ஒரு முடிவு படித்தேன். "உம்" என்றார். மறுபடி கொன்றார் என்று இன்னொன்று. அதற்கும் அதே "உம்".

நேற்று ஒரு வரியைச் சோதித்துப் பார்த்தேன்: "மறுநாள் காலை ஜெபசிங் சிரித்தார்." கீழே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

4

இன்று காலை அவர் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே பாடினார்.

மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டி மதியமே படியேறி வந்துவிட்டான். "யக்கா, அந்தாளு உம்முனு கீற வரிக்கும் எனக்கு பேஜாரே இல்ல. இன்னிக்கு சிரிச்சுகினு கீறாரு. நான் வூட்டுக்குப் போறேன். நீயும் எங்கனா போய்ட்டு வா."

எங்கே போவது? பூட்டு என்னிடம் இருக்கிறது. தங்கபுஷ்பம் மீஞ்சூரில் இருக்கிறாள். அவள் மகள் ரெஜியின் குழந்தைக்கு நாளைக்கு ஞானஸ்நானம். "ஆறு மணிக்குப் பூட்டி, காலைல தொறந்து விட்டுருங்கக்கா. அண்ணன் ரயிலேறி வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போன் செய்தேன். வீடு நிறையச் சத்தம்.

"புஷ்பம், உங்க அண்ணன் காலையிலேர்ந்து சிரிக்கிறாரு."

அவள் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தாள். "பிள்ளைய மாமாதான் தூக்கணும்னு ரெஜி நேத்து அண்ணன்ட்ட போன்ல சொன்னா. அதுக்கா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே பாத்துக்கிடுங்கக்கா." வைத்துவிட்டாள்.

5

ஆறு மணிக்கு இறங்கினேன். அவர் உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, படிய வாரிய தலை.

"இன்னிக்கு மட்டும் பூட்டாண்டாம் யக்கா."

"ஏன்?"

"பூட்டிவச்ச ஆளா போயி பிள்ளையத் தூக்க மனசு வரல." சிரித்தார். "இந்தத் தடவ காரணம் இருக்குல்லா?"

கைகளை விரித்துக் காட்டினார். "சோப்புப் போட்டு ரெண்டு மட்டம் கழுவிட்டேன். வத்தக் காந்தல் பிள்ளைக்கு ஆகாது."

அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. கூடவே ஓடிவிடவும் தோன்றியது.

காரணத்தோடு வரும் சந்தோஷம் அவருக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அவர் திருந்திவிட்டார் என்றால் ஒருநாள் இப்படித்தான் சிரித்தாக வேண்டும். திருந்தவில்லை என்றாலும் இப்படியேதான் சிரிப்பார்.

6

முடிவு ஒன்று: பூட்டினேன். உள்ளே பாட்டு நின்றது. காலையில் திறந்தபோது அவர், "நான் வரல யக்கா, நீங்க போயிட்டு—"

(முடியவில்லை. இதை எழுதினால் நானும் ஒருவரைக் கொன்றவளாவேன்.)

முடிவு இரண்டு: பூட்டவில்லை. மீஞ்சூரில் ரெஜி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதன் கழுத்துக்குக் கீழே கையை—

(இதுவும் முடியவில்லை.)

கடைசிப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே குடோன் கதவு ஒருக்களித்திருக்கிறது. இந்தப் பூட்டை மூடச் சாவி வேண்டாம், அழுத்தினால் போதும். மேடையில் பேசியவள் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இதற்குமேல் என் கை நகரவில்லை. பூட்டையும் பேனாவையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவை எழுதினால் மனதுக்குள் மட்டும் படியுங்கள், தயவுசெய்து.

"யக்கா, இன்னிக்குப் படிக்கலியா?" என்று உள்ளிருந்து கேட்கிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.