மூடாத கண்

கங்காமணி தேநீரை ஒரு வாய் குடித்தாள். பாதி தொண்டைக்குள் இறங்கியது. மீதி இடது கடைவாய் வழியே வழிந்து, எட்டு மாத வயிற்றின் மேல் சொட்டியது. நான்கு நாளாக இப்படித்தான். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பீடி சுற்றத் தொடங்கினாள்.

நிஜாமாபாத் பக்கத்துப் பீடிக்காரத் தெரு அது. அங்கே முகம் கோணினால் காற்று அடித்துவிட்டது என்பார்கள். புறா இரத்தம் தடவ வேண்டும், மூன்று ஞாயிறு முடியும்வரை முகம் கழுவக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது. மாமியார் லச்சவ்வா முதல் ஞாயிறை முடித்திருந்தாள். மருமகளின் கன்னத்தில் இரத்தம் காய்ந்து கறுத்து வெடித்திருந்தது.

துபாயிலிருந்து புருஷன் போனில் முகம் பார்க்கக் கூப்பிட்டால், பாதி முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். அதுவும் மாமியார் உத்தரவுதான்.

"பாதி மூஞ்சிய காட்டுற, மீதிய யாருக்கு வச்சிருக்க?" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரித்தாலும் ஒரு பக்கம்தான் சிரிக்கும்.

அன்று காலை, கர்ப்பிணிகளைக் கவனிக்கும் ஆஷா பணியாளர் போசானி வந்தாள்.

"மாசப் பரிசோதனைக்கு ஏன் வரல?"

"காத்து பட்ட பொண்ண வெளிய அனுப்பச் சொல்றியா?" என்றாள் லச்சவ்வா.

"காத்து இல்ல பெரியம்மா. மூஞ்சி நரம்பு. கர்ப்பத்துல சிலருக்கு இப்படி ஆகும். காலும் வீங்கியிருக்கு பாருங்க, பிரஷர் பாக்கணும்."

"பத்தாவது படிச்சவ டாக்டராயிட்டா."

"ஆகல. அதான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேங்கறேன்."

லச்சவ்வா திரும்பி, முறத்தில் புகையிலையைப் புடைத்தாள். தூள் எழும்பி மருமகள் முகத்தில் படிந்தது.

"கண்ண மூடுடி, தூள் விழுது."

"மூடிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

லச்சவ்வா நிமிர்ந்து பார்த்தாள். வலது கண் மூடியிருந்தது. இடது கண் சிவந்து, அகலத் திறந்து கிடந்தது. விழியின் மேலேயே புகையிலைத் தூள். இமை அசையவில்லை.

முறத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் மொண்டுவந்து தன் கையாலேயே கண்ணைக் கழுவினாள், இரத்தத்தையும் கழுவினாள். "ஆட்டோவக் கூப்பிடு" என்றாள் போசானியிடம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏறியிருக்கிறது என்று உடனே படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா அதட்டவில்லை.

"மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மருந்து இன்னும் நல்லாக் கேட்டிருக்கும். இப்பவும் குடுக்கறேன். மெதுவா சரியாகலாம், பாக்கலாம். கண்ணுக்குச் சொட்டு விடணும். தூங்கறப்ப இமைய ஒட்டி வைக்கணும்."

பக்கத்துக் கட்டில்காரியின் தாய் எட்டிப் பார்த்தாள். "இதுக்குப் புறா ரத்தம் தடவலையாக்கா?"

"தடவினேன்." லச்சவ்வா தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "புறாவும் போச்சு, நாலு நாளும் போச்சு. புள்ளத்தாச்சிக்கு மூஞ்சி கோணுனா ஒளிச்சு வைக்காதம்மா, அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்துரு. வெக்கம் என்னோடதுதான். கண்ணு அவளோடது."