இரண்டு தட்டுப் பலகாரம்

பொன்னுத்தங்கத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை அவளைவிட அவளுடைய அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான் அதிகம். வயது இருபத்தேழு. விருதுநகரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அம்மா இல்லை. அப்பா சீனிவாசகத்துக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வந்த மூன்று வரன்களையும் அவள் காரணம் சொல்லாமல் தட்டிக்கழித்திருந்தாள்.

இந்தப் பக்கத்து வீட்டில் பத்திரகாளி, அந்தப் பக்கத்து வீட்டில் சண்முகத்தாய். சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்ற சண்டையில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனால் நடுவீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதில் இரண்டு பேரும் சளைக்கவில்லை.

தீபாவளி சீசன் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பொன்னுத்தங்கம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வாசலில் பணியாரத் தட்டோடு ஒருவர் நின்றார். சலவைச் சட்டை, நகக்கண்ணில் அச்சு மை.

“பேரு தங்கச்சாமி. சிவகாசில அச்சாபீஸ்ல இருக்கேன். பத்திரகாளி அத்தை குடுத்துவிட்டாக.”

தட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். அவர் அப்பாவிடம் சுகம் விசாரித்தார், சுவரைப் பார்த்தார், போய்விட்டார்.

அரைமணி நேரம் கழித்து அதே சட்டை, அதே ஆள். தட்டில் மட்டும் அதிரசம்.

“இப்பத்தான வந்துட்டுப் போனீக?”

“அது அத்தை வீட்டுத் தட்டு. இது சண்முகத்தாய் சித்தி வீட்டுது.” அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “ரெண்டு பேரும் தனித்தனியாக் கடுதாசி போட்டிருந்தாக. ரெண்டு பொண்ணுன்னு நெனச்சேன். ரெண்டு வீட்லயும் எலை போட்டு எந்திரிக்கவே விடலை. கடைசில பாத்தா ரெண்டு பேரும் இங்கனதான் அனுப்புறாக.”

பொன்னுத்தங்கம் சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: “யாரும்மா?”

“பலகாரம் கொண்டாந்தவுகப்பா.”

“இன்னுமா போகலை?”

தங்கச்சாமியின் முகம் சுண்டிப்போனது. இரண்டு வீட்டுச் சாப்பாட்டில் மூச்சுவிடத் திணறுகிறவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுக்கு தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார்.

“மூணு எடத்தை வேண்டாம்னீகளாமே. ஏன்னு கேக்கலாமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜாதகம், பரிகாரம், நேர்த்திக்கடன் என்று எத்தனையோ யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

“பொழுது சாஞ்சா அப்பாவுக்குக் கண்ணு தெரியாது” என்றாள் தணிந்த குரலில். “வந்தவுக எல்லாரும் என்னைக் கூட்டிட்டுப் போறதைப் பத்தித்தான் பேசினாக.”

தங்கச்சாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

“இங்கன இருந்து சிவகாசிக்குப் பஸ்ல ஒரு மணி நேரம். சீசன்ல மட்டும் அங்கன தங்கணும். மத்த நாள் போயிட்டு வந்துரலாம்.”

“உங்க வீட்ல ஒத்துக்கிடுவாகளா?”

“அண்ணன் மூணு பேரு இருக்காக. படுக்க எடம் கெடச்சதுன்னு சந்தோசப்படுவாக.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த சிவப்புப் பென்சிலை எதற்கோ திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது முற்றத்தின் இரண்டு பக்கச் சுவருக்கு மேலும் ஒவ்வொரு தலை எழும்பியது. எதிரெதிரே பார்த்துக்கொண்டன.

“ஏய், அது நான் வரச்சொன்ன மாப்பிள்ளை!” என்றாள் பத்திரகாளி.

“உன் மாப்பிள்ளையா? எங்க ஒண்ணுவிட்ட அக்கா மகன்!”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. அடுத்த நிமிஷமே சாக்கடைக்குப் போய்விட்டது. பொன்னுத்தங்கம் முற்றத்தில் இறங்கி நின்றாள்.

“ரெண்டு பேரும் உள்ள வாங்க. அப்பாகிட்ட யாராவது எடுத்துச் சொல்லணும்ல.”

சண்டை அப்படியே நின்றது. இருவரும் ஓடிவந்து ஒரே வாசல் நிலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றார் சீனிவாசகம் உள்ளேயிருந்து. “எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாக் கேக்கு.” பிறகு குரல் இறங்கியது. “தம்பி, எனக்காகத்தான் இவ ஒவ்வொண்ணாத் தள்ளுனான்னு இன்னைக்குத்தான் தெரியுது. உக்காருங்க.”

தை மாதம் கல்யாணம். தாய் ஸ்தானத்தில் நிற்பது யார் என்று பத்திரகாளியும் சண்முகத்தாயும் ஒரு மாதம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் பொன்னுத்தங்கம் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அழுதார்கள்.