முக்கால் சுற்று

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தெம்பு இருக்காது. வண்டிகளுக்கென்றே வரும் ஒரு மாத இதழுக்கு நான் கட்டுரை எழுதுகிறேன். கதை எழுதிப் பிழைக்க முடியாது என்று உறைத்த நாளிலிருந்து இதுதான் பிழைப்பு. அவர்கள் கேட்டது: ‘உங்கள் பிக்கப் வண்டியின் இழுவையைக் கூட்ட ஐந்து எளிய வழிகள்.’ நான்கு போதாதாம். ஆறு என்றால் இதழின் பக்கத்தில் இடம் போதாதாம்.

என்னிடம் வண்டி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கவே ஆள் தேடுகிறவன் நான். வண்டி அக்கா வீட்டுக்காரரிடம், அதாவது மாமாவிடம், இருந்தது.

‘இருந்தது’ என்று எழுதிவிட்டு, ‘இருக்கிறது’ என்று மாற்றிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

2

முதல் தொடக்கம்: “மேட்டின் நடுவில் வண்டி கரும்புகை கக்கி நின்றபோது மாமா கீழே குதித்து”

(வேண்டாம். புகையில் ஆரம்பித்தால் நீங்கள் விபத்தை எதிர்பார்ப்பீர்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாமா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார், அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: “மாமாவும் மெக்கானிக்கும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வகுப்பில் இரண்டு முறை தோற்றவர்கள்.”

இது பரவாயில்லை. உண்மையும்கூட. முப்பது வருடமாக மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் மெக்கானிக்கின் பட்டறையில்தான். அக்கா கொடுத்துவிடும் டிபன் கேரியரில் எப்போதும் இரண்டு ஆளுக்கு இருக்கும்.*

* இப்போதும் இரண்டு ஆளுக்குத்தான் வைக்கிறாள். பாதி திரும்பி வருகிறது.

3

மாமா கடையிலிருந்து டைல்ஸ் ஏற்றிக்கொண்டுபோய் வீடு கட்டும் இடங்களில் இறக்குகிறவர். புது வீடுகளெல்லாம் மேட்டுக்கு மேலே வர ஆரம்பித்ததும் பழைய வண்டிக்கு மூச்சு வாங்கியது. மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் அடைத்துப்போன ஏர் ஃபில்டரை மாற்றினார், புகைக்குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினார், டயர்களுக்குச் சரியான காற்று பிடித்தார். கடைசியாக டீசல் பம்பில் இருக்கும் ஒரு திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பினார். அதைத் திருப்பினால் எஞ்சினுக்கு டீசல் கூடுதலாகப் போகும், வண்டி நன்றாக இழுக்கும். அளவுக்கு மேல் திருப்பினால் எஞ்சின் உள்ளேயே வெந்துபோகும். திருப்பியதை மாமாவிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் “இன்னும் கொஞ்சம்டா” என்று மாமா உயிரை எடுப்பார். திருகின் தலையிலிருந்து பம்பு வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டதோடு சரி.

பிறகு என் கட்டுரை வந்தது. ஐந்தாவது வழி அதே திருகு. “கால் சுற்று போதும், நானே செய்து பார்த்தேன்” என்று எழுதியிருந்தேன். மாமா அதைப் படித்துவிட்டு, லோடு ஏற்றும் இடத்தில் பானெட்டைத் திறந்து, ஒரு கால் சுற்று திருப்பினார். மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மூன்றாம் வாரம் மேட்டில் வண்டி நின்றது. பட்டறைக்கு இழுத்துவந்து எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டனில் ஓட்டை. நானும் அங்கேதான் இருந்தேன்.

“பம்பைத் தொட்டியா?” என்றார் மெக்கானிக்.

“கால் சுத்து. மாப்ள எழுதியிருந்தான், அதான்.”

“என் கோட்டுலேர்ந்து அரை சுத்து தாண்டி நிக்குது.”

“உன் கோடா? அப்ப நீயும் திருப்பியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“நான் திருப்பினதுக்கு அப்புறம்தான் கோடு போட்டேன். அதுக்கு மேல அரை. நீ கால்ங்கிற. மிச்சக் காலை யாரு திருப்பினது, பேயா?”

“முப்பது வருஷமா உன் தட்டுல கை வச்சவன்டா நான். பொய் சொல்லுவேனா?”

“அப்ப நான் சொல்றேனா?”

இருவரும் பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசவும் இல்லை. பிரித்த எஞ்சின் பிரித்தபடியே கிடக்கிறது. வேறு ஆளிடம் கொண்டுபோக மாமாவுக்கு மனசு வரவில்லை, வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல மெக்கானிக்குக்கும் மனசு வரவில்லை.

4

மிச்சமிருக்கும் கால் சுற்றுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்?

முதலில் மெக்கானிக்கையே கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. பேப்பரில் ஏறியதும் அந்த மனிதர் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு வண்டி கழுவுகிறவர் ஒருவரை உண்டாக்கினேன். மீசை கொடுத்தேன், கெட்ட பழக்கம் ஒன்றும் கொடுத்தேன். மூன்று பக்கம் உற்சாகமாக இருந்தார்.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்கா. படித்துவிட்டுக் கேட்டாள்:

“வண்டி கழுவுறவனுக்கு அந்தத் திருகு எங்க இருக்குன்னு எப்படிடா தெரியும்?”

“கதைதானக்கா.”

“சரி, கதை. உன் கட்டுரைல நானே செஞ்சு பார்த்தேன்னு போட்டிருக்கியே, அது எந்த வண்டில செஞ்ச?”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் பக்கங்களை அடுக்கி என் முன்னால் வைத்தாள்.

“நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு,” என்று உள்ளே போய்விட்டாள்.

5

ஆமாம். நான்தான்.

மெக்கானிக் கோடு போட்ட பிறகு, கட்டுரை எழுதுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் புத்தக அலமாரியை வேறு வீட்டுக்கு மாற்ற மாமாவின் வண்டியைக் கேட்டு வாங்கினேன். எழுதப் போவதை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நேர்மை. (சிரிக்காதீர்கள்.) கட்டுரைக்காகப் படித்து வைத்திருந்த இடத்தில் திருகைத் தேடி எடுத்தேன். மஞ்சள் கோட்டைப் பார்த்தேன், கம்பெனியிலேயே போட்டது என்று நினைத்தேன். கால் சுற்று திருப்பினேன். அலமாரியோடு வண்டி மேட்டில் விறுவிறுவென்று ஏறியது. இத்தனை வயதில் ஓர் இயந்திரம் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பழையபடி திருப்பி வைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அலமாரியை இறக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பட்டறையில் “பேயா?” என்று மெக்கானிக் கேட்டபோது நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன.

6

முடிவு அ: இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (அக்கா ஓரத்தில் எழுதியது: “இவங்க ரெண்டு பேரும் எந்தக் காலத்துல கட்டிக்கிட்டாங்க?”)

முடிவு ஆ: மாமா என்னை வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்கிறார், அக்கா

(முடிக்க முடியவில்லை.)

அதனால் இன்று காலை முதல் ஐந்து பகுதிகளையும் மாமா கையில் கொடுத்துவிட்டேன். இந்த ஆறாவதை அவருக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பவர். இரண்டு முறை தோற்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். டிபன் கேரியர் வந்த இடத்தில் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வண்டி கழுவுகிறவரை வேகமாகத் தாண்டினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

இப்போது விரல் ஐந்தாவது பகுதியின் முதல் வரியில் இருக்கிறது. அதில் இரண்டே வார்த்தைகள்தான். விரல் நகரவில்லை.

அவருடைய போன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பட்டறை எண் அவருக்கு மனப்பாடம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “மாப்ள,” என்கிறார்.

அவர் அடுத்துச் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். டயரைப் பார்த்த மாதிரி இந்தத் தடவையும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.