காரணம்: வயிற்றுவலி

கவலை இறைக்கும் மாடுகளை அவிழ்த்து வேலியோரம் கட்டியிருந்தார்கள். முந்தின நாளிலிருந்து இறைப்பு இல்லை. அன்று விடியலில் கிணற்றில் குதித்த மயிலம்மாளை மேட்டில் கிடத்திக் கோணிச்சாக்கால் மூடியிருந்தார்கள். சாக்கின் நீளம் போதவில்லை. ஊறி வெளுத்த பாதங்கள் வெளியே தெரிந்தன.

பாதங்களுக்கு அருகில் அவளுடைய அக்கா பாப்பாயி உட்கார்ந்திருந்தாள். கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. எருமப்பட்டியைத் தாண்டி மூன்று கல் நடந்து வந்தவளின் கையில் களைக்கொத்து இன்னும் இருந்தது.

வேப்பமர நிழலில் பஞ்சாயத்தார் ஐந்து பேர் மணியக்காரருக்காகக் காத்திருந்தார்கள். மயிலம்மாளின் புருசன் கந்தவேல் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனுடைய அம்மா அத்தாயி, துண்டில் முகம் புதைத்திருந்த சம்பந்தி காளியப்பனிடம் குனிந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சுங்க. எம்பையன் ஒத்தையா நிக்கறான். காயிதத்துல அவம்மேல குத்தமில்லாமப் போவட்டும். சின்னவ இருக்கறாளே. ஒறவு உட்டுப்போவக் கூடாது."

பாப்பாயிக்குக் கேட்டது. கடைசித் தங்கச்சி சின்னாயிக்குப் பதினாலு வயது.

மணியக்காரர் குமாரசாமி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். தலையாரி மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மயிலம்மாள், கந்தவேல் பெண்சாதி, வயது இருபது என்று எழுதிய பேனா நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிற்று.

பாப்பாயி எழுந்து போனாள். "என்ன எழுதறீங்க சாமி?"

"வயித்துவலி."

"ஆரு சொன்னாங்க?"

"இதையெல்லாம் ஆராச்சும் சொல்லோணுமா?"

"என்ற தங்கச்சிக்கு வயித்துவலியே கெடையாதுங்க. பொங்கலுக்கு வந்தப்ப முதுகத் தொறந்து காட்டுனா. மாட்டுச் சாட்டையில அடிச்ச தழும்புங்க. அப்பனுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. சாக்கத் தூக்கிப் பாருங்க, இருக்கும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாடு தலையை உதறிற்று. மணி கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

"பொம்பள முதுகப் பஞ்சாயத்தார் பாக்கறதா?" என்றார் ஒருவர்.

மணியக்காரர் பேனாவைத் தாழ்த்தினார். "அடின்னு எழுதுனா போலீசு வரும், அம்மிணி. ஒடம்ப வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி அறுப்பாங்க. உன்ற அப்பனக் கேளு, சரியான்னு."

"அறுக்க வேண்டாமுங்க சாமி," என்றார் காளியப்பன், துண்டுக்குள்ளிருந்து.

தலையாரி மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாசியில சென்னிமலை தானே தன் உசுர மாச்சுக்கிட்டப்ப ரெண்டு பக்கம் எழுதுனீங்களே சாமி. மழ பொய்ச்சது, காடு வழக்குல போனது, செத்த எருதோட நெறம் வரைக்கும்."

"அவன் ஆம்பள. நாலு காரியத்துல அடிபட்டவன்."

"ஆமாங்க. பன்னண்டு வருசமாப் போலீசுக் கச்சேரிக்குக் காயிதம் கொண்டுபோறனுங்க. ஆம்பளைக ஆளுக்கொண்ணுக்குச் சாவறாங்க. பொம்பளைக அத்தன பேருக்கும் வயித்துவலி. ஏட்டு சிரிக்கறாரு. 'உங்கூருப் பொம்பளைக அப்பிடி என்னத்தடா திங்கறாளுக?'ங்கறாரு."

பஞ்சாயத்தாரில் ஒருவர் சிரித்துவிட்டு, சாக்கின் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மைக்கூட்ட ஆடாமப் புடி," என்றார் மணியக்காரர்.

எழுதியதை உரக்கப் படித்தார். மேற்படியாள் நெடுநாளாகத் தீராத வயிற்றுவலியால் அவதியுற்று, அது பொறுக்கமாட்டாமல், யாதொருவர் தூண்டுதலுமின்றி. படித்து முடித்ததும் காளியப்பன் துண்டை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நெடுநாளாவா சாமி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே."

மணியக்காரர் தாளின் மடிப்பை நீவி நேராக்கினார்.

"அப்பா, அவரு பாட்டுக்கு எழுதறாரப்பா," என்றாள் பாப்பாயி. "நாஞ் சொன்னது உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது கண்ணு. அடி எந்த ஊட்டுல இல்ல? உங்காத்தா வாங்காத அடியா? அதுக்கா சாவா? வலிதாம் பொல்லாதது."

அவர் போய் மையில் விரலை அழுத்தி, காட்டிய இடத்தில் ரேகை வைத்தார். பாப்பாயியை யாரும் ரேகை வைக்கக் கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் காரியம் முடிந்தது. மறுநாள் கிணற்றில் இறைப்பு தொடங்கிற்று.

ஆவணியில் சின்னாயிக்குக் கந்தவேல் தாலி கட்டினான். கலியாணத்தன்று காலை கூட அப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டு பாப்பாயி கேட்டுப் பார்த்தாள். "காயிதத்துலயே குத்தமில்லீன்னு எழுதியாச்சு. நீயே அந்தப் பையனப் பழிக்காத," என்றுதான் அவர் சொன்னார்.

வண்டி பூட்டி நின்றபோது காளியப்பன் வீட்டுக்குள் போய், பழைய வேட்டியில் கிழித்த ஒரு துணிமுடிச்சோடு வந்தார். சின்னாயி வண்டியில் ஏறக் காலெடுத்து வைத்திருந்தாள்.

"என்னப்பா இது?"

"ஓமம், கண்ணு. அந்தூருத் தண்ணி ஆவாதாட்டம் இருக்குது. வயித்த வலிச்சா உடனே வாயில போட்டுக்க. உங்கக்கா மாதிரி மறச்சு வெக்காத."

சின்னாயி தலையை ஆட்டி, முடிச்சை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஏறினாள். வண்டி நகர்ந்தது. பாப்பாயி பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாள். புதுச்சேலை சரிந்த இடத்தில் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. அதில் இன்னும் ஒரு தழும்புகூட இல்லை.