செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கம்ப்யூட்டர்

கம்பெனிப் பெயர் திரையில் வரும், அதன் கீழே புள்ளிகள் சுற்றும், அவ்வளவுதான். காலையிலிருந்து தங்கச்சியின் கம்ப்யூட்டர் அதற்கு மேல் நகர மறுத்தது. வீட்டிலிருந்தே புத்தகப் பக்கம் வடிவமைப்பதுதான் அவள் தொழில்; சாயங்காலத்துக்குள் ஒரு பாடப்புத்தகத்தின் பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

அண்ணன் வந்தான். ஃப்ரிட்ஜ் விற்கிறவன், ஆனால் வீட்டில் எது பழுதானாலும் முதலில் அவன் கை பட்டாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவன் கை பட்ட மிக்ஸி அதன்பிறகு அரைத்ததே இல்லை என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. மூடியைக்கூடத் திறக்காமல், மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னான். போனது போகட்டும், நாளையிலிருந்து தன் கடைக் கல்லாவில் வந்து உட்காரட்டும் என்றான். ரொம்ப நாளாக அதற்கு அடி போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இன்றைக்கு வாகாக மாட்டியது. அம்மாவும் ஒத்து ஊதினாள்.

தங்கச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடி பிடித்துப் பார்க்காமலே குழி வெட்டுகிறார்களே!

அவன் போனதும், ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள். பிரிண்டரைப் பிடுங்கினாள், ஸ்பீக்கரைப் பிடுங்கினாள். புள்ளிகள் பாட்டுக்குச் சுற்றின. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றி, மெமரி அட்டையை உருவித் துடைத்துத் திரும்ப மாட்டினாள். அதற்கும் மசியவில்லை. மிச்சம் இருந்தது இரண்டாவது ஹார்ட் டிஸ்க். கடையின் கண்காணிப்புக் கேமரா பதிவுப் பெட்டியிலிருந்து கழற்றி, இடம் நிறைய இருக்கும் என்று போன வாரம் அண்ணன் பெருமையாக மாட்டிவிட்டுப் போன பழைய சாமான். அதன் வயரை உருவிவிட்டு சுவிட்சைத் தட்டினாள். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று மறுபடி மாட்டிப் பார்த்தாள்; நின்றது. உருவினாள், ஓடியது.

நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்ல அண்ணன் சாயங்காலம் வந்தபோது, பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"என்னைக் கேக்காம எதுக்குத் தொறந்தே?"

"என் கம்ப்யூட்டர்ண்ணா. நான் யாரைக் கேக்கணும்?"

டிஸ்கை அவன் கையில் வைத்து, மாட்டினால் நிற்கிறது, கழற்றினால் ஓடுகிறது என்றாள். அம்மா நடுவில் புகுந்து, அவன் நல்லதுக்குத்தானே செய்தான், கடைக்கும் ஒரு நடை போய்ப் பார்க்கலாமே என்று இழுத்தாள்.

"கடைக்கு ஆள் வேணும்னா வாசல்ல போர்டு வைக்கட்டும்மா. நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதா இல்லை."

அடுத்த புத்தகத்தைத் திறந்தாள். அண்ணன் டிஸ்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள், திரும்பிப் பார்க்காமலே.